வெள்ளை ஆடையிலிருந்து வந்த 'கேண்டிடேட்'

தேர்வு எழுதுபவரும் 'கேண்டிடேட்', தேர்தலில் நிற்பவரும் 'கேண்டிடேட்'. இருவருக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போமா?

லத்தீனில் வெண்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. மங்கிய வெண்மை 'ஆல்புஸ்'. பளிச்சென்று ஒளிரும் வெண்மை 'காண்டிடுஸ்'. இரண்டாவதிலிருந்து பிறந்தது 'காண்டிடாட்டுஸ்', அதாவது வெள்ளை உடுத்தியவர்.

ஏன் வெள்ளை? பண்டைய ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் 'தோகா' என்ற மேலாடையை வெண்கட்டித் தூளால் தேய்த்து வெளுப்பாக்கி, பொதுச் சதுக்கத்தில் சுற்றி வந்தார்கள். கூட்டத்தில் சட்டென்று கண்ணில் படணும் இல்லையா! எதிரே வருபவரின் பெயரைக் காதோடு சொல்ல ஓர் அடிமையும் கூடவே நடப்பான். வாக்குக் கேட்டு இப்படிச் சுற்றி வருவதற்கு 'அம்பிட்டியோ' என்று பெயர். 'அம்பிஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் அதுதான்.

கி.மு. 432-இல் ஆடையை இப்படி வெளுப்பாக்கத் தடைச் சட்டம் வந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ஆனாலும் வழக்கம் போகவில்லை. கி.மு. 64-இல், கான்சல் பதவிக்குத் தம்மோடு போட்டியிட்டவர்களைச் சாடி சிசரோ ஆற்றிய உரைக்குப் பெயரே 'வெள்ளைத் தோகாவில்' என்பதுதான்.

இந்த வேரின் குடும்பத்தையும் பாருங்கள்:

• கேண்டில் – ஒளிரும் மெழுகுவர்த்தி
• கேண்டிட் – ஒளிவுமறைவு இல்லாத
• ஆல்பம் – இது மற்ற வெண்மையான 'ஆல்புஸ்' வழி வந்தது. ரோமில் அறிவிப்பு எழுதி வைத்த வெள்ளைப் பலகை

இங்கே ஒரு கவனம் தேவை. 'கேண்டிட்' வெளிப்படையைக் குறிப்பதால், 'கேண்டிடேட்' என்றாலே நேர்மையானவர் என்று மாணவர்கள் எழுதிவிடக்கூடும். அது தவறு. அந்த வெண்மை மனத்தின் வெண்மை அல்ல, துணியில் பூசிய வெண்மை. வேர் ஒன்று என்பதாலே பொருளும் ஒன்றாகிவிடாது. வேர் சொல்லின் பிறப்பைக் காட்டும். இன்றைய பொருளை இன்றைய வழக்குதான் தீர்மானிக்கும்.

தமிழில் 'வேட்பாளர்' என்கிறோம். வேட்பு என்றால் விருப்பம். லத்தீன் அவர் உடுத்தியதைப் பார்த்தது. தமிழ் அவர் விரும்பியதைப் பார்க்கிறது. வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். சொல்லாக்கம் என்றால் என்ன என்பது மாணவர்களுக்குத் தானாகவே புரிந்துவிடும்.