வேட்டைத் துரையும் துவக்கு வரியும்

விடுமுறை நாட்களில் மாத்தளை நகரினூடாக வஸ்கமுவ தேசிய பூங்காவை நோக்கிப் பல வாகனங்கள் செல்கின்றன. ‘சபாரி’ என்று அவற்றில் எழுதியிருக்கும். அச்சொல் கிழக்காபிரிக்காவின் சுவாகிலி மொழியில் பயணத்தைக் குறிப்பது. அதன் வேர் அரபு மொழியில் உள்ளது. நம் முஸ்லிம் சகோதரர்கள் வழங்கும் ‘சபர்’ அதன் உறவேயாகும். இச்சொல்லை உலகெங்கும் வேட்டைச் சொல்லாக்கியவர்கள் வெள்ளைத் துரைமார்.

அத்துரைமார் யானையைச் சுடப் பழகிய களங்களுள் இலங்கையும் ஒன்று. மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். 1845இல் இடி விழுந்து மாண்டார். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவிற் குடியேறி, தம் வேட்டைப் பெருமைகளை ஒரு நூலாகவே எழுதிவைத்தார். அரசாங்கமோ, கொல்லப்பட்ட யானைக்குச் சன்மானம் வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், அன்றைய வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் இவ்வாறு அழிக்கப்பட்டதை, குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனென்ட்டே எழுதியிருக்கிறார்.

அதே 1848இல் குடியானவனுடைய துவக்குக்கு என்ன நேர்ந்தது? ஆண்டுக்கு இரண்டரை ஷிலிங் வரி! நாய்க்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி. இவை போதாவென்று, ஆண்மக்கள் யாவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேற் பணங்கட்டுதல் வேண்டும் என்ற சட்டம். துரையின் துவக்கு பொழுதுபோக்குக்கு. சேனைப் பயிர்செய்தவனின் துவக்கோ யானையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் ஒரு போகத்தைக் காப்பதற்கு. அவன் நாயும் செல்வர் மடியில் வளர்வதன்று. இரவிற் பயிர்காவல் நிற்பது.

இதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று கொண்டுவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியவனிடம் உறுதி ஏது? அவ்வாறு பறித்த நிலம் கோப்பித் தோட்டமாயிற்று. அத்தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர், மன்னாரிற் கரையிறங்கி, தம்புள்ளை வழியாக இதே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிற் பலியானோர் பலர். அவர்களுக்கு நடுகல்லும் இல்லை.

1848 ஜூலை இறுதியில் தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். கிளர்ச்சியாளர் மாத்தளைமீது பாய்ந்தனர். மறுநாளே இராணுவச் சட்டம் பிறந்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியிற் சுட்டுக்கொல்லப்பட்டான். பண்டா பின்னர் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டான். இதனை ஒரு மன்னாசைக்காரனின் கலகமாக மட்டும் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது சரித்திரமாகாது. துவக்கு வரியை விட்டுவிட்டு அவ்வாண்டை விளங்கிக்கொள்ள முடியாது.

பேக்கரின் கதை இலங்கையோடு முடியவில்லை. அவர் ஆபிரிக்காவுக்குச் சென்றார். 1864இல் நைல் நதியின் ஒரு பேரருவிக்கு மேர்ச்சிசன் என்று பெயரிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தூக்கநோயைக் காரணங்காட்டி அப்பிரதேசத்து மக்கள் அகற்றப்பட்டனர். ஆளற்ற நிலம் விலங்குக் காப்பகமாயிற்று. 1952இல் தேசிய பூங்காவுமாயிற்று. இன்று உகண்டாவில் மிகப்பெரிய பூங்கா அதுவே. தன்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து, மாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள் 1959இல் வெளியேற்றப்பட்டதும் இவ்வகையதே. யானையைச் சுட்டவன் வேட்டைக்காரன். அதனோடு வாழ்ந்தவன் அத்துமீறியவன்! நம் நாட்டிலும் 1983இல் மாதுறு ஓயா பூங்கா பிரகடனமானபோது, வேடர் குடும்பங்கள் தம் காட்டை விட்டு அகல நேர்ந்தது.

வஸ்கமுவ 1984இல் தேசிய பூங்காவாயிற்று. மகாவலித் திட்டத்தால் வாழிடம் இழந்த விலங்குகளுக்குப் புகலிடம் வேண்டியிருந்தது. அந்நோக்கத்தை நாம் பழிக்க மாட்டோம். ஆயினும் மகாவலியும் அம்பன் கங்கையும் எல்லையிட்ட அந்நிலம் நானூறு சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. செரெங்கெட்டியோ பதினாலாயிரத்துக்கும் மேல். நம் யானை எல்லையைத் தாண்டினால் அடுத்த அடி நெல்வயல். 2019இல் மட்டும் நாடெங்கும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் மாண்டனர்.

அண்மையில் மாணவருடன் அப்பூங்காவுக்குச் சென்று அந்தியிலே திரும்பினோம். வழியோர மரமொன்றின் பரணில், பயிர்காவலுக்கு ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார். கையில் ஒரு மின்சூள். கீழே ஒரு நாய். “அந்த நாய்க்கு இப்போதும் வரி உண்டா, சேர்?” என்று ஒரு மாணவன் கேட்டான்.