துரை பங்களாவும் லயக் காம்பராவும்

பூண்டுலோயாப் பகுதியில் டன்சினன் என்றொரு தேயிலைத் தோட்டம் உண்டு. இப்பெயர் ஸ்கொட்லாந்தின் பேர்த்ஷயர் மாவட்டத்துக் குன்று ஒன்றிலிருந்து வந்தது. ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில் கொடுங்கோல் மன்னன் இறுதியாக அடைக்கலம் புகும் கோட்டை அக்குன்றின் மீதுதான் இருக்கிறது. காடே நடந்து வந்து கோட்டையை அடையும் வரை தனக்கு அழிவில்லை என்று நம்பியிருந்தவன் அவன். இலங்கை மலையகத்தின் கதையோ நேர்மாறானது. இங்கே காடுகள் வெட்டி அகற்றப்பட்டன. கோப்பியும் அதன் பின் தேயிலையும் மலையேறின. வெட்டியவர்களும் நட்டவர்களும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கால்நடையாகக் கொண்டுவரப்பட்ட நம் மக்கள்.

லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். 1869இல் கோப்பியைத் தாக்கத் தொடங்கிய இலைத்துரு நோய் அப்பயிரை வீழ்த்த, தேயிலை அரசாண்டது. தோட்டத் துரைமார் தங்கள் தாய்நாட்டை மலை முகடுகளில் மறுபடி கட்டிக்கொண்டார்கள். கணப்பு அடுப்பு, மரப்பலகைத் தரை, அகன்ற விருந்தறை, புல்வெளி என எதுவும் குறைவில்லை. இவற்றுள் உச்சமானது அப்புத்தளையில் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த அடிஷாம். கென்ட் மாவட்டத்து லீட்ஸ் கோட்டையை மனத்தில் வைத்து எழுப்பிய கருங்கல் மாளிகை அது. 1960களில் பெனடிக்ற் துறவிகளின் கைக்கு வந்த அம்மாளிகையின் வரவேற்பறையும் நூலகமும் இன்றும் பழைய கோலத்திலேயே பேணப்பட்டு வருகின்றன.

எல்லா மாளிகைகளுக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. இடைப்பட்ட காலத்தில் கவனிப்பாரற்றுப் போன கட்டடங்கள் உண்டு. பிறகுதான் உல்லாசப் பயணத்துறை விழித்துக்கொண்டது. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செற் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் நட்சத்திர விடுதியாயிற்று. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய பங்களாக்கள் 2005இல் புதுப்பிக்கப்பட்டு விருந்தினருக்குத் திறக்கப்பட்டன. அவற்றுள் டியன்சின் பங்களா 1888இல் கட்டப்பட்டது.

இந்தப் புனரமைப்பை நான் குறை கூறவில்லை. பழைய கட்டடத்தை இடிப்பதைவிட அதற்குப் புதுவாழ்வு தருவது மேல். ஆனால், பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற முறையில் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலவில்லை. எந்த வரலாறு மெருகேற்றப்படுகிறது, எது மண்ணாகிறது?

அந்த விருந்தறைகளின் தரையைத் துடைத்தவர்களும் கணப்புக்கு விறகு சுமந்தவர்களும் மாலையில் திரும்பிச் சென்ற இடம் லயம். 10 அடிக்கு 12 அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். அதற்குள் மூன்று தலைமுறைகள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட செய்தியை அவர்கள் கேட்டது அங்கேதான். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி உறவுகள் பிரிந்து ஊர் கடந்ததும் அதே வாசல்களிலிருந்துதான்.

லயங்கள் போகத்தான் வேண்டும். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. டன்சினன் தோட்டத்திலேயே இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 தனி வீடுகள் 2018 ஓகஸ்டில் கையளிக்கப்பட்டன. கோட்டையின் பெயர் தாங்கிய மண்ணில் தொழிலாளிக்குத் தனி வாசல் கிடைத்தது சிறு செய்தியன்று. அந்த வாசல் இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்குக் கிட்ட வேண்டியிருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் மழை மலைச்சரிவுகளைக் குலைத்த பின் அந்த அவசரம் கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

ஆயினும் மனிதரை லயத்திலிருந்து விடுவிப்பது வேறு. லயத்தை நினைவிலிருந்து துடைப்பது வேறு. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் திறக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இந்த வேறுபாட்டை உணர்ந்தது. பழைய லயக் காம்பராக்களையே அது காட்சிக்கூடமாக்கியது. கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் அங்கே வரலாற்றுச் சான்றுகளாக நிற்கின்றன.

குடியிருந்தோர் புது வீடுகளுக்குச் சென்ற பின், பூண்டுலோயா போன்ற ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரேயொரு லயத்தையாவது இடிக்காமல் காக்கலாமே. பிள்ளைப் பேற்றையும் சாவையும் கண்ட சுவர்களைக் காக்கலாம். தொழிலாளரின் பெயர்கள் எழுதப்பட்ட செக்ரோல் ஏடுகளை அங்கேயே வைக்கலாம். விருந்தறையைப் புதுப்பிக்க முதலீட்டாளர் வருவார்; அவருக்கு அதில் இலாபமுண்டு. காம்பராவைக் காப்பதில் எவருக்கும் இலாபமில்லை. ஆகவே, அது நம்முடைய கடமையாகிறது. துரை பங்களாவை மட்டும் பார்த்துவிட்டுச் செல்லும் நாளைய பேரப்பிள்ளை, இம்மலைகளைத் துரைமாரே உருவாக்கினர் என்று நம்பிவிடக்கூடாது.