பினாங்குத் தமிழர் வரலாறும் வீட்டு நினைவுகளும்: சில நூல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அந்நாள் தொட்டு இத்தீவின் வரலாறு பலராலும் பல மொழிகளிலும் எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வரலாற்று நூல்களில் தமிழர் இடம்பெறாமல் இல்லை. வணிகராகவும் படகோட்டிகளாகவும் துறைமுகத் தொழிலாளராகவும் வட்டித் தொழில் செய்வோராகவும் நாடு கடத்தப்பட்ட கைதிகளாகவும் அவர்கள் அந்நூல்களில் காணப்படுகின்றனர். கெர்னியல் சிங் சந்து 1969-ஆம் ஆண்டிலும் சின்னப்பா அரசரத்தினம் 1970-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்கள் இத்துறையில் ஆய்வு செய்வோர்க்கு இன்றும் அடிப்படை நூல்களாகும். எத்தனை பேர் வந்தனர், எச்சட்டத்தின்கீழ் வந்தனர், எங்குக் குடியேறினர் என்பனவற்றை அவை தெளிவுற விளக்குகின்றன.

ஆயின், வந்தவர் வீட்டில் எம்மொழி பேசினர், பிள்ளைகளை எவ்வாறு வளர்த்தனர், பிறந்த ஊரை எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை தேட இயலாது. அஃது அவற்றின் குறையன்று. அவற்றின் நோக்கம் வேறு. அவ்விடைகளை நாம் தன்வரலாறு, நாவல், நினைவுக்குறிப்பு ஆகிய பிறவகை நூல்களில்தான் தேட வேண்டியுள்ளது. பினாங்கையும் அதனோடு ஒட்டிய பகுதிகளையும் சார்ந்த இத்தகைய நூல்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை தமிழர் குடும்ப வாழ்வையும் குழந்தைப் பருவத்தையும் எவ்வளவு காட்டுகின்றன, எதனை மறைக்கின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரியாச்சியின் வழித்தோன்றல்

நம் ஆய்வுக்கு முதற்கண் உதவுவது மலாய் மொழியில் எழுதப்பட்ட ஒரு நூல். முன்ஷி அப்துல்லாவின் 'ஹிக்காயத் அப்துல்லா' 1843-இல் எழுதி முடிக்கப்பெற்று 1849-இல் சிங்கப்பூரில் அச்சேறியது. நவீன மலாய் இலக்கியத்தின் தொடக்கமாகக் கருதப்படும் இந்நூல், ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் வரலாறும் ஆகும் என்பதைத் தமிழ் வாசகருள் பலர் அறியார்.

அப்துல்லாவின் முன்னோர் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து குடியேறியவர். அவர் வழியினர் மலாக்காவுக்கு வந்து மணம்புரிந்தனர். அப்துல்லாவின் தந்தைவழிப் பாட்டியின் பெயர் பெரியாச்சி. அரபு, தமிழ், மலாய் என்னும் மூன்று மரபுகளும் ஒரே வீட்டில் கலந்திருந்தமைக்கு இவ்வொரு பெயரே போதிய சான்றாகும். இதே நாகூர் வழியாக வந்தவர்களே பினாங்கின் சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் பெயரால் தர்கா எழுப்பினர். 1826-இல் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் நீரிணைக் குடியேற்றங்களாக ஒன்றிணைக்கப்பட்டன. அவற்றிற்கு முன்பே நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் இத்துறைமுகங்களை உறவால் இணைத்திருந்தன.

அப்துல்லா தம் குழந்தைப் பருவத்தைக் கூறும் பகுதி மிகவும் இன்றியமையாதது. அவருக்கு முன் பிறந்த நான்கு ஆண்மக்களும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். ஐந்தாவதாகப் பிறந்த இவரும் நோயுற்றே இருந்தார். இவ்வாறு நோயுறும் குழந்தையை மக்கட்பேறு மிகுந்தோர்க்கு 'விற்பது' போலக் கொடுத்து மீட்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது எனவும் தம்மையும் அவ்வாறு செய்தனர் எனவும் அவர் எழுதுகின்றார். தமிழ்நாட்டில் குழந்தையைத் தவிட்டுக்கு விற்று வாங்கும் வழக்கத்தையும், பிச்சை, குப்பன் என்று பெயரிடும் வழக்கத்தையும் அறிந்தோர்க்கு இச்செய்தி புதியதன்று. கடல் கடந்த பின்னும் ஒரு தாயின் அச்சமும் அதற்கான பரிகாரமும் மாறாமல் இருந்திருக்கின்றன. இதனை எந்தக் குடிமதிப்புக் கணக்கும் நமக்குக் கூறாது.

பாட்டி நடத்திய குர்ஆன் பள்ளியில் ஏறத்தாழ இருநூறு சிறார், ஆண் பெண் இருபாலாரும், பயின்றதையும் அக்காலப் பள்ளித் தண்டனைகளையும் அவர் விரிவாகக் கூறுகின்றார். பின்னர்த் தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதையும், இரண்டரை ஆண்டுகள் அம்மொழியைப் பயின்றதையும் குறிப்பிடுகின்றார். மலாக்காவில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கணக்கியலுக்காகத் தமிழ் கற்பது மரபு என்பது அவர் தரும் செய்தி. 1816-ஆம் ஆண்டு பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். முறைசார் பள்ளியைப் பொறுத்தவரை அது பொருந்தும். ஆயின், அதற்கு முன்பே தமிழ் இங்கு வணிகத்தின் மொழியாகவும் பிறரும் விரும்பிக் கற்ற மொழியாகவும் விளங்கியது என்பதனை இத்தன்வரலாறு உணர்த்துகின்றது.

கிட்டங்கியும் ஊர் நினைவும்

அப்துல்லாவின் குடும்பம் இங்கேயே வேரூன்றியது. இதற்கு நேர்மாறானது வட்டிக்கடைகளைச் சார்ந்தோரின் வாழ்வு. நகரத்தார் கடைகளில் மேலாளாகவும் அடுத்தாளாகவும் பெட்டியடிப் பையனாகவும் பணியாற்ற வந்தோர் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் வந்தவர்கள். மனைவி மக்கள் ஊரிலிருக்க, இவர்கள் கிட்டங்கியில் தங்கி, அங்கேயே உண்டு, அங்கேயே கணக்கெழுதி, அங்கேயே உறங்கினர். வீடு என்பது இவர்களுக்கு வங்கக் கடலுக்கு அப்பால் இருந்தது.

இவ்வாழ்வை ப. சிங்காரம் போல் எழுதியவர் அரியர். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்த அவர் இளமையில் மேடானுக்குச் சென்று கடையில் பணியாற்றினார். அங்கு மனைவியையும் குழந்தையையும் பேறுகாலத்தில் இழந்து, போருக்குப் பின் தமிழகம் திரும்பினார். 'கடலுக்கு அப்பால்' என்னும் அவருடைய முதல் நாவல் கலைமகள் போட்டியில் பரிசு பெற்றது. 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்தது. இரண்டிலும் பினாங்கு முக்கியக் களமாக அமைந்துள்ளது.

'கடலுக்கு அப்பால்' நாவலில் குடும்பத்தோடு பினாங்கில் வாழும் முதலாளி வயிரமுத்துப் பிள்ளையைக் காண்கின்றோம். அவர் மகள் மரகதத்தைக் கடைப்பையன் செல்லையா விரும்புகின்றான். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்பிய அவனுக்குப் பெண் கொடுக்கப் பிள்ளை மறுக்கின்றார். துப்பாக்கி ஏந்தியவன் வட்டித் தொழிலுக்கு உரிய அடக்கத்தை இழந்துவிட்டான் என்பதே அவருடைய கருத்து. ஒரு காதற்கதையின் வழியாக, போர் ஒரு குடும்பத்தின் மதிப்பீடுகளுக்குள் எவ்வாறு புகுந்தது என்பதை ஆசிரியர் காட்டிவிடுகின்றார்.

'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியனுக்கோ குடும்பமே நினைவாக மட்டும் உள்ளது. மேடானிலிருந்து தொங்கானில் ஏறிப் பினாங்குக்கு வரும் அவன் மனத்தில் சின்னமங்கலச் சந்தையும் மதுரைத் தெருக்களும் இடையறாது தோன்றுகின்றன. குழந்தைப் பருவம் அவனுக்கு ஓர் ஊராகவே உள்ளது. அவ்வூருக்குத் திரும்ப இயலாமையே அந்நாவலின் துயரம். கிட்டங்கி வாழ்வினரின் உள்ளத்தை அறிய விரும்புவோர், பற்றுவரவுப் பேரேடுகளைவிட இந்நாவலில் மிகுதியாக அறியலாம்.

கொடியை இறக்கிய கை

தன்வரலாறு என்னும் வகையில் பினாங்குக்கே உரிய நூல் மாணிக்கசோதி சரவணமுத்துவின் 'தி சாரா சாகா'. இலங்கைத் தமிழராகிய இவர் பினாங்கின் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆங்கில நாளிதழின் ஆசிரியர். கொழும்பு மாநகரின் முதல் மேயராக 1937-இல் விளங்கிய ரத்னசோதி சரவணமுத்து இவருடைய உடன்பிறந்தார்.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மீது குண்டு பொழிந்தன. அடுத்த சில நாள்களில், 16-ஆம் நாள் இரவு, ஆங்கில நிர்வாகம் ஐரோப்பியரை மட்டும் கப்பலேற்றிக் கொண்டு தீவை விட்டு வெளியேறியது. ஆட்சியற்ற நகரில் சரவணமுத்து கார்ன்வாலிஸ் கோட்டையின் ஆங்கிலக் கொடியை இறக்கினார். நகரைக் காக்க எஞ்சியோர் எவருமில்லை, குண்டு வீச வேண்டா என்று வானொலி வழியாகச் செய்தி அனுப்பினார். பல இனத்தவரும் அடங்கிய சேவைக் குழுவுக்கும் தலைமையேற்றார். 19-ஆம் நாள் ஜப்பானியர் நகருள் நுழைந்தனர். 1786-இல் ஏற்றப்பட்ட கொடியை 155 ஆண்டுகளுக்குப் பின் இறக்கிய கை ஒரு தமிழரின் கை என்பது எண்ணத்தக்கது.

நூலில் பொது வாழ்வே மேலோங்கி நிற்கின்றது. குண்டு விழுந்த நாள்களில் வீட்டில் இருந்தோர் எங்குச் சென்றனர், எதனை உண்டனர், குழந்தைகளிடம் என்ன கூறினர் என்பன போன்ற வினாக்கள் நம்முள் எழுகின்றன. பொதுப்பணியில் சிறந்தோர் எழுதும் தன்வரலாறுகளில் வீடு பின்னணிக்குச் சென்றுவிடுவது இயல்பே. அவ்விடத்தை நிரப்ப வேறு கைகள் எழுத வேண்டும்.

பெரியத்தாயின் நிலம்

பினாங்குக்கு எதிரே பெருநிலத்தில், கெடா மாநிலத்தின் பீடோங்கில் 1942-இல் பிறந்தவர் கே. எஸ். மணியம். 2020-இல் மறைந்த இவர், தம் இளமை வாழ்வைத் தழுவி எழுதிய ஆங்கில நாவல் 'தி ரிட்டர்ன்' 1981-இல் வெளிவந்தது. மருத்துவமனைச் சலவைத் தொழிலாளர் குடும்பத்துச் சிறுவன் ரவியே கதை சொல்பவன். மூன்று மகன்களுடன் இந்தியாவிலிருந்து வந்த பாட்டி பெரியத்தாய், தலைச்சுமையாகப் பொருள் விற்றுக் குடும்பத்தை நிலைநிறுத்துகின்றாள். தனக்குரியது என்று நம்பிய நிலத்திற்கு உரிமை பெறாமலே இறக்கின்றாள். அவள் மகனும் நிலவேட்கையால் மனம் பிறழ்ந்து, தான் எழுப்பிய வீட்டுடன் தீக்கிரையாகின்றான். ரவியோ ஆங்கிலப் பள்ளியின் வழியே குடும்பத்தை விட்டு விலகிச் செல்கின்றான்.

அப்துல்லாவின் பெரியாச்சியையும் மணியத்தின் பெரியத்தாயையும் ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது. முன்னவர் வழியினர்க்குக் கல்வியும் தொழிலும் இம்மண்ணில் ஓர் இடத்தைத் தந்தன. பின்னவர்க்கு உழைப்பு இருந்தது. உரிமைப் பத்திரம் இல்லை. இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் உள்ள ஏற்றத்தாழ்வு முழுவதும் இவ்விரு பாட்டியரிடையே அடங்கியுள்ளது எனலாம்.

ஆவணமும் நினைவும்

நினைவைக் கொண்டே வரலாறு எழுதிவிடலாம் என்பது நம் கருத்தன்று. அப்துல்லா மேலைநாட்டு நண்பரின் தூண்டுதலால் எழுதினார். அவர்களை மனத்தில் கொண்டே எழுதினார். நாவலாசிரியர் கதையின் தேவைக்கேற்ப நிகழ்ச்சிகளை அமைப்பார். முதுமையில் எழுதும் தன்வரலாறு தன்னை விளக்கும் நோக்கமும் உடையது. எனவே, இவற்றை ஆவணங்களோடு வைத்து நோக்குதல் வேண்டும்.

இவ்வகையில் கூ சல்மா நசுத்தியோன் 2014-இல் வெளியிட்ட 'தி சூலியா இன் பினாங்' என்னும் ஆங்கில நூல் சிறந்த முன்மாதிரியாகும். 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை மையமாகக் கொண்டு, அறக்கட்டளை நிலங்கள், உடைமைகள், குடும்பங்கள் ஆகியவற்றை அவர் ஆராய்கின்றார். ஒரு நிலம் எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றது என்று தேடும்போது, மணவுறவுகளும் வாரிசுகளும் வெளிப்படுகின்றன. ஆவணத்தினுள்ளும் வீடு உண்டு. அதனைத் தேடும் கண் வேண்டும் என்பதே இந்நூல் தரும் பாடம்.

முடிவுரை

இந்நூல்களை ஒருங்கே நோக்குங்கால் ஒரு பெருங்குறை புலப்படுகின்றது. பெரியாச்சி, மரகதம், பெரியத்தாய் ஆகிய மூவரையும் நாம் ஆண்களின் எழுத்து வழியாகவே அறிகின்றோம். தம் குழந்தைப் பருவத்தைத் தாமே கூறும் பெண்ணின் குரல் இவற்றுள் இல்லை. வீட்டைப் பற்றி நன்கறிந்தோரே வீட்டைப் பற்றி எழுதாமல் போயினர்.

இக்குறையைக் களைவதற்குரிய காலம் குறுகி வருகின்றது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 1999-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. ஜார்ஜ்டவுனின் கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த பலர் அதன்பின் வெளியேறினர். 2008-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் மலாக்காவுடன் ஜார்ஜ்டவுனும் உலக மரபுரிமை நகராக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. சுவர்களும் ஓடுகளும் காக்கப்பட வழி பிறந்தது. அவற்றினுள் பேசப்பட்ட பேச்சைக் காக்கும் பணி நம்மிடம் எஞ்சியுள்ளது.

பல்கலைக்கழக மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்து மூத்தோரிடம், சிறப்பாகப் பாட்டியரிடம், அவர்தம் இளமை வாழ்வைக் கேட்டு எழுதுவாராயின், பத்தாண்டுகளில் ஒரு நூலகமே உருவாகும். பழைய கடிதங்களும் திருமண அழைப்பிதழ்களும் பள்ளிச் சான்றிதழ்களும் அந்நூலகத்தில் இடம்பெறத் தக்கவையே. கொடி ஏறிய நாளும் இறங்கிய நாளும் ஏட்டில் உள்ளன. அந்நாள்களில் அடுப்படியில் நடந்தவற்றை அறிந்தோர் நம்மிடையே இருக்கும்போதே அவற்றை எழுதி வைப்பது நம் கடமையாகும்.