ஆரணிப் பட்டில் ஒளிப்பட வடிவமைப்பு

ஆரணிப் பட்டில் ஒளிப்பட வடிவமைப்பு என்பது பூ, இலை, பறவை, மலை, நீர் ஆகியவற்றின் ஒளிப்படங்களைக் கணினியில் திருத்தி, இயற்கையில் எங்கும் காணமுடியாத உருவங்களாக மாற்றி, பட்டுச் சேலையின் கரையிலும் உடலிலும் முந்தானையிலும் நெய்யும் முறை. கனவுக்காட்சி போன்ற சர்ரியலிசப் பாணியில் கணினிப் படம் செய்பவர்கள் கையாளும் அதே கருவிகள்தான் இதற்கும் பயன்படுகின்றன: வெட்டுதல், அடுக்கடுக்காக ஏற்றுதல், புரட்டிப் பிரதியெடுத்தல், நிறத்தைக் குறைத்தல். அவர்கள் படம் திரையிலோ தாளிலோ முடிந்துவிடும். தறிக்குப் போகும் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டளை. குறிப்பிட்ட ஊடை (குறுக்கு இழை) ஓடும்போது குறிப்பிட்ட பாவு இழை (நெடுக்கு இழை) எழ வேண்டுமா, தங்க வேண்டுமா என்பதை அந்தப் புள்ளி சொல்கிறது. இந்த வேறுபாடே இக்கலையின் தோற்றத்தை முழுக்கத் தீர்மானிக்கிறது.

ஊரும் தறியும்

ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் கமண்டல நாகநதியின் கரையில் உள்ளது. மராட்டியர் காலத்தில் ஜாகீராக இருந்த ஊர். 1751இல் ராபர்ட் கிளைவின் படையும் 1782இல் ஐதர் அலியின் படையும் போரிட்ட களம். அரிசி ஆலைகளுக்கும் பட்டுக்கும் ஒருசேரப் பெயர் பெற்றது. பட்டுக்கு முன்பே இங்கு நெய்த மெல்லிய பருத்தி மஸ்லினுக்கு மதிப்பு இருந்தது. சௌராஷ்டிரர் உள்ளிட்ட பல சமூகத்தார் தறி நெய்கிறார்கள். நெசவு நகரத்தோடு நிற்கவில்லை. தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, அத்திமலைப்பட்டு என்று சுற்றுவட்டார ஊர்கள் பலவற்றிலும் வீட்டின் முன்கட்டில் தறி இருக்கும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு.

காஞ்சிபுரம் சேலையோடு ஒப்பிட்டால் ஆரணிச் சேலை பொதுவாக எடை குறைந்தது. இது விலை பற்றிய செய்தி மட்டுமல்ல, வடிவத்தைப் பற்றியதும்கூட. மெல்லிய துணியில் கனத்த ஜரிகை உருவத்தை ஏற்றினால் அந்த இடம் தொங்கும், மடிப்பு நிற்காது. எனவே ஆரணிக்கு வடிவம் வரைபவர் படத்தின் அழகோடு அதன் எடையையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

கணினிக்கு முந்தைய கனவுருவங்கள்

இயற்கையைப் பார்த்து அதை அப்படியே வரையாமல் வேறொன்றாக்கும் பழக்கம் தமிழ்நாட்டுப் பட்டுக்குப் புதிதல்ல. மயில்கண் என்ற உருவத்தையே எடுத்துக்கொள்ளலாம். மயில் இல்லை, தலை இல்லை, தோகையும் இல்லை. கண் மட்டும் பறவையைவிட்டுப் பிரிந்து, வரிசை வரிசையாகச் சேலையின் கரையில் நம்மைப் பார்க்கிறது. குயில்கண்ணும் அப்படித்தான். தாழம்பூ ரேக்கில் பூ காணாமல் போய், மடலின் முள்விளிம்பு மட்டும் ரம்பப் பல்லாக நீள்கிறது. மல்லிமொக்கில் மணமும் காம்பும் கழிந்து, ஒரு சிறு முனை எஞ்சுகிறது.

யாளி, அன்னபட்சி, இருதலைப்பட்சி ஆகியவை இன்னும் ஒரு படி மேல். சிங்கத்தின் உடலும் யானையின் துதிக்கையும் கூடிய யாளி காட்டில் இல்லை, கோயில் தூணில் உண்டு. தூணிலிருந்து அது கரைக்கு இறங்கியது. 1924இல் பாரிசில் ஆந்த்ரே பிரத்தோன் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டு, கனவின் தர்க்கத்தைக் கலையின் அடிப்படையாக முன்வைத்தார். இரண்டு உயிர்களைப் பொருத்தி மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கும் வேலையைத் தென்னாட்டுச் சிற்பிகளும் நெசவாளர்களும் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துவந்தார்கள். நோக்கம் வேறு, வழிபாடும் மங்கலமும் சார்ந்தது. ஆனால் கைவேலையின் முறை ஒன்றுதான்: தெரிந்ததைப் பிரித்து, தெரியாத விதத்தில் கூட்டுவது.

இந்த உருவங்கள் இப்படி ஆனதற்குக் கற்பனை பாதிக் காரணம், தறி மீதிக் காரணம். சில டஜன் இழைகளுக்குள் ஒரு முழு மயிலை அடக்க முடியாது, கண்ணை அடக்கலாம். தறி எதை விடச் சொன்னதோ அதை விட்டதால் பிறந்த வடிவங்கள் இவை. இன்றைய ஒளிப்பட வடிவமைப்பை எடைபோடவும் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்பது இக்கட்டுரையின் கருத்து.

துளையட்டையிலிருந்து கணினிக்கு

பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார் 1804இல் உருவாக்கிய கருவியே நம் ஊரில் ஜக்கார்டு பெட்டி எனப்படுவது. தறிக்கு மேலே பெட்டி உட்கார்ந்திருக்கும். கோத்துக் கட்டிய அட்டைகள் அதில் ஒவ்வொன்றாகச் சுழலும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழைந்துவிடும், அதற்குரிய கொக்கி இழையோடு மேலே எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டு, கொக்கி விலகி, இழை கீழேயே தங்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை.

இந்த அட்டையின் ஆற்றல் எவ்வளவு என்பதை 1839இல் லியோனில் நெய்த ஜக்காரின் பட்டு உருவப்படம் காட்டியது. பார்த்தவர்கள் செதுக்கோவியம் என்றே எண்ணினார்கள். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அதன் பிரதி ஒன்றை வாங்கிவைத்திருந்த ஆங்கிலக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட, கணினியின் முன்னோடியான கணக்குப் பொறிக்கும் துளையட்டையையே தேர்ந்தெடுத்தார். இன்று ஆரணி வடிவமைப்பாளரின் மேசைக் கணினியில் பூவின் படம் திறக்கிறது என்றால், தறியிலிருந்து கடன் போன ஒரு யோசனை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் தறிக்கே திரும்பியிருக்கிறது.

கணினி வருவதற்கு முன்பு இந்த வேலை கட்டத்தாளில் நடந்தது. ஓவியர் உருவத்தை வரைவார். பிறகு கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்புவார். அட்டை அடிப்பவர் அதை வரி வரியாகப் படித்துத் துளையிடுவார். ஒரு முந்தானைக்கே பல நாள் ஆகும். ஒரு கட்டம் தவறினால் அந்தத் தவறு சேலை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். கணினி முதலில் மாற்றியது இந்த உழைப்பைத்தான். மின்னணு ஜக்கார்டு வந்த தறிகளில் அட்டையே இல்லை. கோப்பு நேராகப் பெட்டிக்குப் போகிறது.

செய்முறை

கைப்பேசியில் எடுத்த செம்பருத்திப் படம் ஒன்று நாலாயிரம் புள்ளி அகலம் இருக்கிறது என்று கொள்வோம். தறியின் பெட்டி 240 கொக்கி உடையது. அப்படியானால் படத்தின் அகலம் 240 புள்ளிக்குள் வந்தாக வேண்டும். மென்பொருளில் அளவைச் சுருக்கும் கட்டளையை அழுத்தினால் ஒரு நொடியில் சுருங்கிவிடும், ஆனால் வருவது செம்பருத்தியாக இருக்காது. மகரந்தத் தண்டு கரைந்துபோகும், இதழின் நரம்புகள் புள்ளிக் குப்பையாகும். எனவே சுருக்குவதற்கு முன்பே வடிவமைப்பாளர் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கிறார். பின்புலம் போகும். நிழல் போகும். தண்டை வேண்டுமென்றே தடிமனாக்குவார். இதழை ஒன்று குறைப்பதும் உண்டு. இந்த இடத்தில்தான் படம் ஒளிப்படமாக இருப்பதை விட்டுவிடுகிறது.

அடுத்தது கட்டத்தின் விகிதம். திரையில் ஒரு புள்ளி சதுரம். துணியில் அப்படி இல்லை. எடுத்துக்காட்டாக, ஓர் அங்குலத்தில் 100 பாவு இழையும் 60 ஊடையும் இருந்தால், திரையில் 100க்கு 100 என வட்டமாக வரைந்த நிலா, துணியில் ஓர் அங்குல அகலமும் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த உயரமும் உள்ள முட்டையாக வரும். தறிக்கென்று செய்த மென்பொருள்கள் இழைக்கணக்கைக் கேட்டுக்கொண்டு இதைச் சரிசெய்கின்றன. அடோபி ஃபோட்டோஷாப், ஜிம்ப் போன்ற பொதுவான பட மென்பொருள்களில் வேலை செய்பவர் இந்தக் கணக்கைத் தாமே போட வேண்டும். சிலர் அந்த நீட்சியைச் சரிசெய்யாமல் வேண்டுமென்றே விடுகிறார்கள். கொக்கின் கழுத்து நீள்கிறது, தென்னை வானைத் தொடுகிறது. விகிதப் பிழை வடிவமாகிவிடுகிறது.

மூன்றாவது, கட்டுப்புள்ளி. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். திரையில் ஓர் இலையை ஒரே பொன்னிறத்தால் நிரப்பலாம். தறியில் அப்படி நிரப்பினால் ஜரிகை இலையின் அகலம் முழுக்க எங்கும் பிடிப்பில்லாமல் மிதக்கும். உடுத்தியதும் வளையலிலும் மெட்டியிலும் மாட்டி இழுபடும். ஆகவே சில இழைகளுக்கு ஒருமுறை ஜரிகையை அடக்கிப் பிடிக்கும் புள்ளிகளை இட வேண்டும். அவற்றைச் சாய்வாக அடுக்கினால் இலைமேல் சாய்கோடுகள் ஓடும், சிதறலாக அடுக்கினால் மினுமினுக்கும் தளம் கிடைக்கும். ஒளிப்படத்தில் இல்லாத ஒரு மேற்பரப்பு இப்படி உண்டாகிறது. பாறை மீன்செதிலாகவும் நீர் பாய்முடைச்சலாகவும் மாறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். திரையில் வடிகட்டிகளைப் போட்டுச் செய்யும் விநோதங்களைவிட, இழையின் தேவையிலிருந்து வரும் இந்த விநோதமே பட்டில் நிலைத்து அழகாக இருக்கிறது.

புரட்டிப் பிரதியெடுத்தல் மிக எளிதாக வருவது. பெட்டியின் நூல்களை நடுவிலிருந்து இருபுறமும் எதிரெதிராகக் கட்டினால் பாதி உருவம் வரைந்தாலே முழுதாக நெய்துவிடும். ஜவ்வாது மலையின் சரிவு ஒன்றை அப்படிப் புரட்டினால் இரு மலைகள் நெற்றி முட்டுகின்றன, நடுவில் முகம் போல ஒன்று தோன்றுகிறது. வேரை எடுத்துப் புரட்டினால் இருதலைப்பட்சியின் உறவுக்காரன் போல ஏதோ வரும். எளிதாக வருவதாலேயே இது அளவுக்கு மீறிப் பயன்படுகிறது. எதைப் புரட்டினாலும் சமச்சீர் கிடைக்கும், ஆனால் எல்லாச் சமச்சீரும் வடிவமாகாது.

நிறத்தில் நிலைமை தலைகீழ். ஒளிப்படத்தில் கோடிக்கணக்கான நிறங்கள். சேலையில் பாவு ஒன்று, ஊடை ஒன்று, ஜரிகை ஒன்று, கூடுதலாக ஓரிரு நிறப்பட்டு. இழப்பு பெரிது. ஆனால் திரையால் தர முடியாத ஒன்றைப் பட்டு தருகிறது. நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால் கிடைக்கும் மயில்கழுத்து நிறம் இரண்டிலும் இல்லாதது, மடிப்புக்கு மடிப்பு மாறுவது. திரையில் அதைப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை. அனுபவமுள்ளவர்கள் ஒரு சாண் துணியை மாதிரிக்கு நெய்து, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டே முடிவு சொல்கிறார்கள்.

ஓவியர்களும் உலகமும்

ஒளிப்படங்களை இணைத்துக் கனவுக்காட்சி ஆக்கும் கலைக்கு உலக அளவில் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் அமெரிக்கரான ஜெரி யூல்ஸ்மன் (1934–2022). கணினியே இல்லாமல் இருட்டறையில் பல எதிர்ச்சுருள்களைச் சேர்த்து, வேரோடு மிதக்கும் மரங்களை உருவாக்கினார். 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப், 1994இல் படத்தை அடுக்குகளாக வைக்கும் வசதியைப் பெற்றபின் அதே வேலை எல்லார் கைக்கும் வந்தது. 1996இல் வெளியான ஜிம்ப் கட்டணமில்லாதது.

இந்தியாவில் நவீன ஓவியமும் கைத்தறியும் சந்தித்த இடம் நெசவாளர் சேவை மையங்கள். 1950களில் கைவினை ஆர்வலர் புபுல் ஜெயகரின் முன்முயற்சியில் தொடங்கிய இந்த மையங்களில் ஓவியர்களை வடிவமைப்பாளர்களாக அமர்த்தினார்கள். பிரபாகர் பர்வே (1936–1995) 1961 முதல் வாரணாசியிலும் பின்னர் மும்பையிலும் பணியாற்றினார். இலை, கடிகாரம், சாவி போன்ற சாதாரணப் பொருள்கள் வெட்டவெளியில் மிதக்கும் அவருடைய ஓவியங்கள் இந்தியக் கனவோவியத்தின் உயர்ந்த எடுத்துக்காட்டுகள். சென்னை மையத்தில் எம். ரெட்டப்ப நாயுடு பணியாற்றினார். வெற்றிடத்தில் ஒற்றைப் பொருளை நிறுத்தும் பர்வேயின் துணிவு, உடல் முழுக்கப் புட்டா (சிறு உரு) நிரப்பினால்தான் சேலை விற்கும் என்று எண்ணும் வடிவமைப்பாளர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. வெற்றுப் பட்டும் வடிவத்தின் பகுதிதான்.

வடிவமைப்பு உதவிக்குக் காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் உள்ளது. சேலத்தில் 1960இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் உண்டு. மத்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய டிஜிபுனாய், ஜக்கார்டு வடிவமைப்புக்கான திறந்தமூல மென்பொருள். சொற்களைத் தட்டினால் படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. அவை தரும் மயில் கண்ணைப் பறிக்கும். அதில் கொக்கிக் கணக்கு இருக்காது, கட்டுப்புள்ளி இருக்காது, ஜரிகையின் எடை இருக்காது. மேலே சொன்ன வேலை அத்தனையும் அதற்குப் பிறகும் மிச்சமிருக்கிறது.

உரிமை

படத்தைத் தறிக்குக் கொண்டுவந்த அதே கைப்பேசி, வடிவத்தைத் திருடவும் வழி செய்துவிட்டது. கடையில் விரித்த சேலையை ஒருவர் படமெடுத்தால், அதைக் கட்டங்களாக்கி வேறு ஊரில், பல நேரம் விசைத்தறியில், நெய்துவிட முடிகிறது. சில வகைச் சேலைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் இது நடக்கிறது. புவிசார் குறியீடு ஆரணி என்ற பெயரைக் காக்கும், தனி ஒரு வடிவத்தைக் காக்காது. அதற்கு 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். 10 ஆண்டு பாதுகாப்பும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் கிடைக்கும். யாளி, மாங்காய் போன்ற பழைய உருவங்களை யாரும் தனக்கென்று பதிய முடியாது. ஒளிப்படத்திலிருந்து புதிதாக உருவாக்கிய வடிவத்தைப் பதியலாம். பதிவுக்கு முன்பே சேலை கடைக்கு வந்துவிட்டால் புதுமை என்ற தகுதி போய்விடும். பதியாமல் விட்ட வடிவம் தொழில்முறையில் 50 முறைக்கு மேல் பிரதியானால் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அதன் பதிப்புரிமையும் அற்றுப்போகும்.

தனி நெசவாளர் ஒவ்வொரு வடிவத்துக்கும் இந்த அலைச்சலைத் தாங்க முடியாது. மாதிரித் துணி நெய்து முடித்த நாளுக்கும் முதல் சேலை விற்பனைக்குப் போகும் நாளுக்கும் இடையில், வடிவமைப்பாளரின் பெயரோடு விண்ணப்பத்தை அனுப்பும் பொறுப்பைக் கூட்டுறவுச் சங்கங்கள் எடுத்துக்கொள்ளலாம். மூல ஒளிப்படம் வேறொருவர் எடுத்ததாக இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதமும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்.