ஜால்ராவுக்கும் ஒரு பேர் உண்டு



"பாட்டின் வெற்றிக்குப் பாடுகிறவரே காரணம்" என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசிவிட்டுப் போனார். நான் ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன். பேரு ஜாக் ஆஷ்ஃபோர்டு. கையில இருக்கிறது டாம்பரின். ஒரு வளையம், அதைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடு. அவ்வளவுதான்! நம்ம ஊர்ல பார்த்தா, "என்னய்யா, ஜால்ராவா?"ன்னு கேட்போம். (சிரிப்பு)

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம். 1959-ல் பெரி கோர்டி ஒரு வீட்டை வாங்கி, அதற்குள்ளேயே ஒலிப்பதிவுக் கூடம் வைத்தார். மோட்டவுன் நிறுவனம் வளர்ந்தது அங்கேதான். 1966-ல் சுப்ரீம்ஸ் குழுவின் 'யூ கான்ட் ஹரி லவ்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பாடினது மூணு பெண்கள். ஆனா, கேக்குறவன் காலைத் தாளம் போட வச்சதுல இந்த டாம்பரினுக்குப் பங்கு இல்லையா?

சரி, இசைத்தட்டைத் திருப்பிப் பாருங்க. அவர் பேர் இருக்கா? இல்லை! 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் அந்த வாத்தியக்காரர்கள் பெயர் உறையில் அச்சேறியது. அவர்கள் கதை படமாக வந்தது 2002-ல். அதற்குள் அந்தப் பாட்டுக்கு ஆடின பிள்ளை பேரன் எடுத்திருப்பான்!

கல்யாண வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளையை வாழ்த்துகிறோம். சமைத்தவர் பேரை என்றைக்காவது கேட்டோமா? நடுவர் அவர்களே, பின்னால் நிற்பவர் பேரையும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுங்கள். (கைதட்டல்)