பெப்டைடு ஊசியும் தொலைமருத்துவமும்: அமெரிக்கச் சட்டம் கடந்து வந்த பாதை

கைபேசியில் சில கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பணம் கட்டினால் பெப்டைடு ஊசி வீடு தேடி வந்துவிடும் என்ற எண்ணம் இன்று அமெரிக்காவில் பரவலாக இருக்கிறது. உண்மையில் அந்த ஒரே திரைக்குப் பின்னால் மூன்று கேள்விகள் உள்ளன. எழுதிக் கொடுக்கும் மருத்துவருக்கு அந்த உரிமை உண்டா? அந்தப் பொருளை மருந்தாக வழங்கச் சட்டம் இடம் தருகிறதா? அதைத் தயாரிக்கும் மருந்தகம் யாருடைய கண்காணிப்பில் இருக்கிறது? இவற்றுக்கான விதிகள் வெவ்வேறு காலத்தில், பல வேளை உயிர்கள் போன பிறகே எழுதப்பட்டன. ஆகவே, கையில் மருந்துச்சீட்டு இருப்பதாலேயே ஒரு சிகிச்சை சட்டப்படியானது ஆகிவிடுவதில்லை. அந்த விதிகள் உருவான வழியை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

1937-ல் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎதிலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தனர். அவர்களில் குழந்தைகள் பலர். புதிய மருந்து சந்தைக்கு வருமுன் அதன் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற சட்டம் மறு ஆண்டே வந்தது. 1951-ன் டர்ஹாம்-ஹம்ப்ரி திருத்தம், மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளைப் பிரித்து வைத்தது. ஆனால் மருந்தாளுநர் ஒரு நோயாளிக்கென்று தாமே கலந்து தரும் கலவை மருந்து எந்தப் பக்கம் சேரும் என்பது நெடுங்காலம் தெளிவில்லாமலே இருந்தது.

1997-ல் மருந்துச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 503ஏ பிரிவு அதற்கு விடை சொன்னது. கலவை மருந்துக்கு முன் அங்கீகாரம் தேவையில்லை. ஆனால் பெயர் குறித்த நோயாளிக்கான சீட்டு வேண்டும், சந்தையில் கிடைக்கும் மருந்தை வழக்கமாகவோ பெருமளவிலோ நகலெடுக்கக் கூடாது, குறிப்பிட்ட கலவை மருந்தை விளம்பரம் செய்யவும் கூடாது. இந்த விளம்பரத் தடை பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. இன்று சமூக ஊடகங்களில் பெருகியிருக்கும் பெப்டைடு விளம்பரங்களுக்கு வாசல் திறந்தது அந்தத் தீர்ப்புதான் என்பது என் கணிப்பு.

2012-ல் மாசச்சூசெட்ஸின் ஃப்ரேமிங்ஹாமிலிருந்த ஒரு கலவை மருந்தகம் அனுப்பிய ஸ்டீராய்டு ஊசிகளில் பூஞ்சை கலந்திருந்தது. முதுகுவலிக்கு அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. 20 மாநிலங்களில் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெயரளவில் மருந்தகமாக இருந்தது, நடைமுறையில் தொழிற்சாலையாக இயங்கியிருக்கிறது. சீட்டுகளில் போலி நோயாளிப் பெயர்கள் இருந்ததும் வழக்கு விசாரணையில் வெளிவந்தது. 2013 நவம்பரில் நிறைவேறிய சட்டம் 503பி என்ற புதுப் பிரிவை உண்டாக்கியது. அதன்கீழ் பதிவு செய்துகொண்ட நிலையம் தனிநபர் சீட்டு இல்லாமலும் தயாரிக்கலாம். ஆனால் மருந்துத் தொழிற்சாலைக்குரிய தர விதிகளுக்கும், உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ நடத்தும் ஆய்வுக்கும் உட்பட வேண்டும். 503ஏ மருந்தகங்களுக்கு அந்தத் தொழிற்சாலை விதிகள் இல்லை. அவற்றைப் பெரும்பாலும் மாநில மருந்தக வாரியங்களே மேற்பார்க்கின்றன.

அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலிகளான பெப்டைடுகளின் தனிச் சிக்கல் ஓர் எண்ணில் தொடங்குகிறது. 40 அமினோ அமிலங்களுக்கு மேற்பட்ட சங்கிலியைப் புரதமாகக் கொண்டு, உயிரியல் மருந்து என்ற வகையில் சேர்க்கும் விதி 2020 மார்ச் 23-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த வகைக்கு 503ஏ விலக்கு பொருந்தாது. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் அங்கே போயிற்று. அதுவரை கலவை மருந்தகங்கள் தயாரித்துவந்த எச்சிஜி ஹார்மோனும் அப்படியே போயிற்று. நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாக்ளூடைடில் 31, டிர்செபடைடில் 39. இரண்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றன. இரண்டு அமினோ அமிலம் கூடியிருந்தால் டிர்செபடைடு கலவை வணிகம் தொடங்கியே இருக்காது.

கோட்டுக்குள் இருப்பது மட்டும் போதாது. மூலப்பொருளுக்கு அமெரிக்க மருந்தியல் தரநூலில் இடம் இருக்க வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற ஏதேனும் மருந்தில் அது இடம்பெற்றிருக்க வேண்டும், அல்லது எஃப்டிஏ வகுத்த பட்டியலில் இருக்க வேண்டும். ஒரு காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட மருந்தாக விற்கப்பட்ட செர்மோரெலினுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. காயம் ஆற்றும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் புகழப்படும் பிபிசி-157-க்கு அப்படி எந்தப் பிடிமானமும் இல்லை. 2023 செப்டம்பரில் எஃப்டிஏ அதையும் வேறு சில பெப்டைடுகளையும் பாதுகாப்பு ஐயம் உள்ளவை என்று வகைப்படுத்தியது. உடலின் எதிர்ப்பாற்றல் தூண்டப்படலாம், தயாரிப்பில் மாசு சேரலாம், மனிதர்களிடம் பெற்ற தரவு போதாது என்பவை அது சொன்ன காரணங்கள். எந்த மருத்துவர் சீட்டு எழுதினாலும் இந்தக் குறை தீராது.

தொலைமருத்துவ விதிகளுக்கும் ஒரு மரணமே தொடக்கம். வலைத்தளம் வழியே வலிநிவாரணி வாங்கிய 18 வயது கலிஃபோர்னிய இளைஞர் 2001-ல் இறந்தார். அவர் பெயராலேயே 2008-ல் ரயன் ஹெய்ட் சட்டம் வந்தது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை இணையவழி எழுத, மருத்துவர் நோயாளியை முதலில் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றது. பெருந்தொற்றின்போது அது தளர்த்தப்பட்டது. டெஸ்டோஸ்டிரோன் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது, செமாக்ளூடைடு வருவதில்லை. ஒரே நிறுவனம் இரண்டையும் விற்பதால் நோயாளிக்கு வேறுபாடு தெரிவதில்லை. கட்டுப்படுத்தப்படாத மருந்துகளுக்கு மாநில விதிகளே அளவுகோல். நோயாளி இருக்கும் மாநிலத்தில் மருத்துவருக்கு உரிமம் இருக்க வேண்டும்; வெறும் வினாப்படிவத்தைப் பார்த்து எழுதும் சீட்டைப் பல மாநிலங்கள் ஏற்பதில்லை.

2022-ல் செமாக்ளூடைடும் டிர்செபடைடும் தட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியதும் நகலெடுக்கும் தடை தளர்ந்தது. அங்கீகரிக்கப்பட்ட மருந்து பெரும்பாலும் அளவு குறித்த பேனாவில் வரும். கலவை மருந்து பெரும்பாலும் குப்பியில் வரும், சிரிஞ்சில் தாமே உறிஞ்ச வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து தொடக்க அளவான 0.25 மில்லிகிராமை எடுக்க, இன்சுலின் சிரிஞ்சில் 5 யூனிட் கோடு வரை இழுத்தால் போதும். சீட்டில் அது 25 யூனிட் என்று விழுந்தால் உடலுக்குள் போவது ஐந்து மடங்கு. இத்தகைய பிழைகளை 2024 ஜூலையில் எஃப்டிஏ எச்சரிக்கையாக வெளியிட்டது. சிலர் 20 மடங்கு வரை செலுத்திக்கொண்டிருந்தனர். சிலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. மில்லிகிராம், மில்லிலிட்டர், யூனிட் மூன்றையும் சேர்த்து எழுதாத சீட்டை நோயாளி ஏற்கக் கூடாது என்பேன்.

டிர்செபடைடு தட்டுப்பாடு 2024 டிசம்பரிலும் செமாக்ளூடைடு தட்டுப்பாடு 2025 பிப்ரவரியிலும் முடிந்ததாக அறிவிக்கப்பட்டன. மே மாத இறுதிக்குள் கலவை மருந்தகங்களுக்குத் தந்த சலுகைக் காலமும் தீர்ந்து, நகலெடுக்கும் தடை மீண்டது. குறிப்பிட்ட நோயாளிக்கு உண்மையான மருத்துவ வேறுபாடு தேவை என்று மருத்துவர் பதிவு செய்தால் மட்டும் விலக்கு உண்டு. அந்த இடுக்கு வழியாகவே வைட்டமின் பி12 சேர்த்த கலவைகள் தொடர்ந்து விற்கப்பட்டன. அங்கீகரிக்கப்பட்ட மருந்துக்குச் சமமானது என்று விளம்பரம் செய்ததற்காக அதே ஆண்டு செப்டம்பரில் தொலைமருத்துவ நிறுவனங்கள் பலவற்றுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற லேபிளை ஒட்டி விற்கும் குப்பிகள் இந்த விலக்குகள் எதற்குள்ளும் வருவதில்லை; அவற்றை மனித மருந்தாக விற்கச் சட்டம் இடம் தருவதில்லை.

விளம்பரத்தில் தெரியும் நிறுவனம் பல வேளை மருத்துவரும் அல்ல, மருந்தகமும் அல்ல; இருவரையும் இணைக்கும் இடைத்தரகர். உரிமம் பெற்றவர்கள் அதன் பின்னால் இருக்கிறார்கள். மருத்துவரின் உரிமத்தை மாநில மருத்துவ வாரியத்திலும், மருந்தகத்தின் உரிமத்தை மருந்தக வாரியத்திலும், 503பி பதிவை எஃப்டிஏ பட்டியலிலும் எவரும் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மருந்தகத்தின் பெயர் தெரிய வேண்டும்; பணம் கட்டுமுன் அந்தப் பெயரைச் சொல்ல மறுக்கும் நிறுவனத்திடம் ஊசி வாங்கக் கூடாது.