வரைபடத்தில் பத்திரம், தரையில் ஆபத்து

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள டோர்செட் வட்டாரத்தைப் பற்றி 1962ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் நார்மன் மூர் என்ற இயற்கை ஆய்வாளர். பெரிய கருவி எதுவும் அவரிடம் இல்லை. 1811ஆம் ஆண்டின் நில அளவை வரைபடத்தைத் தம் காலத்து நிலவரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். ஏறத்தாழ 30,000 ஹெக்டேராக இருந்த புதர்வெளி, 1960இல் 10,000 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. ஆறுகள் மட்டுமே பிரித்து வைத்திருந்த சில பெரும் பரப்புகள் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியிருந்தன. விளைநிலம், பைன் மரத் தோட்டம், வளர்ந்துவரும் நகரங்கள் என்று ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டார்கள். தாமஸ் ஹார்டி 1878இல் தம் நாவலில் எக்டன் ஹீத் என்று பெயர் சூட்டிய நிலம் இதுதான்.

புதர்வெளி என்றதும் பயனற்ற தரிசு என்று நினைத்துவிடக் கூடாது. சரவாக்கில் ஈபான் மக்கள் நெல் விளையாத மண்ணைக் கெராங்காஸ் என்பார்கள். ஐரோப்பாவின் புதர்வெளியும் அப்படிப்பட்ட சத்தற்ற, புளிப்பு மணல்தான். ஆனால் அங்கே காடு இல்லை. ஆடு மாடு மேய்த்தும், விறகுக்கு வெட்டியும், தீ வைத்தும் மனிதனே பல நூற்றாண்டுகளாக மரத்தை வளரவிடாமல் வைத்திருந்த வெளி அது. அதில் ஊதா நிறத்தில் பூக்கும் ஹெதர் என்னும் குட்டைச் செடியை நம்பிப் பாம்பும் பல்லியும் பறவையும் வாழ்கின்றன. மனிதன் கையை எடுத்துவிட்டால் அந்த இடம் கெட்டுவிடும். இயற்கையை விட்டுவிட்டாலே போதும் என்பவர்களுக்கு இது சங்கடமான செய்திதான்.

1992இல் ஐரோப்பியச் சமூகம் வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டனும் அப்போது உறுப்பினர். பரப்பளவை மட்டும் சொன்னால் போதாது, வாழிடம் நல்ல நிலையில் இருக்கிறதா என்றும் ஆறாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது விதி. மூர் கையாண்ட முறை இதற்கு உதவாது. காரணம், சேதம் இப்போது எல்லைக்கு உள்ளேயே நடந்தது. வாகனப் புகையிலிருந்தும் மாட்டுப் பண்ணைகளிலிருந்தும் கிளம்பும் நைட்ரஜன் காற்றோடும் மழையோடும் வந்து விழுந்து, ஏழை மண்ணுக்கு உரம் போட்டது. அந்த உரத்தில் ஹெதரை முந்திக்கொண்டு வளர்ந்தது மோலினியா என்னும் உயரமான புல். வரைபடத்தில் ஒரு ஹெக்டேர்கூடக் குறையவில்லை. தரையிலோ புதர்வெளி புல்வெளியாக மாறிக்கொண்டிருந்தது.

தொலையுணர்வு முறை இங்கேதான் கைகொடுத்தது. 1972இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சேட் துணைக்கோளத்துக்கு ஏறத்தாழ ஒரு காற்பந்துத் திடலளவு நிலம் ஒரே புள்ளியாகத்தான் தெரிந்தது. ஆகவே பெல்ஜிய ஆய்வாளர்கள் 2007இல் விமானத்தையே அனுப்பினார்கள். அண்ட்வெர்ப் நகருக்கு வடக்கே, நெதர்லாந்து எல்லையை ஒட்டியிருக்கும் கால்ம்தவுட் புதர்வெளி அவர்களின் களம். விமானத்தில் இருந்த கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு உட்பட, ஒளியைப் பல மெல்லிய கீற்றுகளாகப் பிரித்துப் பதிவு செய்தது. இளஞ்செடியும் கிழட்டுச் செடியும் ஒளியை ஒரே மாதிரி திருப்பி அனுப்புவதில்லை. புல்லின் கணக்கு வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்து, ஹெதரின் வயதையும் புல்லின் பரவலையும் வரைபடமாக்க முயன்றார்கள். சில அளவுகள் நன்றாகவே பொருந்தின, சில பொருந்தவில்லை. எது எந்தச் செடி என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்க, களத்தில் இறங்கிக் குறிப்பெடுத்த ஆட்கள் கட்டாயம் வேண்டியிருந்தது.

2011 மே மாதம் அதே கால்ம்தவுட்டில் பெருந்தீ மூண்டு பல நூறு ஹெக்டேர் எரிந்தது. எரிந்த பரப்பையும் எந்த இடத்தில் தீயின் கடுமை அதிகம் என்பதையும் அளக்க மீண்டும் விமானப் படங்களே பயன்பட்டன. தீக்குப் பிறகு மோலினியா வேகமாகத் தலையெடுக்கும் என்பதால் இந்தக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. எங்கே மாடுகளை மேயவிடுவது, எங்கே மேல்மண்ணைச் சுரண்டி எடுப்பது என்ற செலவு பிடித்த முடிவுகள் அதைப் பொறுத்தவை.

2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல் 2 துணைக்கோளங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் படங்களை இலவசமாகத் தருகின்றன. குளிர்காலத்தில் மோலினியா காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும், ஹெதர் இலை உதிர்க்காமல் நிற்கும். ஆகவே இரு பருவத்துப் படங்களை அருகருகே வைத்தால் புல் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனாலும் டோர்செட்டின் மணல் பல்லி முட்டையிட வெயில் படும் வெறும் மணல் சிறிதளவு இருந்தால் போதும். ஒரு மீட்டர் அகலமுள்ள அந்த மணல் திட்டு, 10 மீட்டர் புள்ளிக்குள் சுற்றியிருக்கும் செடிகளோடு கலந்து மறைந்துவிடுகிறது. அதைப் பார்க்க இன்றும் ஓர் ஆள் நடந்துபோய்க் குனிய வேண்டியிருக்கிறது.